மனித உருவமும் மதிப்பெண்ணும்: குழந்தைகளின் ஓவியத்தை உள அளவுகோலாக்கும் போக்கு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகள் வரையும் மனித உருவத்தைக் கொண்டு அவர்தம் நுண்ணறிவையும் மனவெழுச்சி நிலையையும் கணிக்கும் முறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக வழக்கில் உள்ளது. நம் கல்வியியல், உளவியல் துறைகளின் ஆய்வேடுகளிலும் ஆசிரியர் பயிற்சிகளிலும் இம்முறை கேள்விக்கு உட்படாமலே எடுத்தாளப்படுகிறது. இதன் தோற்றம், இதனை உருவாக்கியோரே பின்னாளில் செய்த திருத்தங்கள், இதற்கு எதிராகக் கிடைத்துள்ள சான்றுகள் ஆகியவற்றை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. தனியொரு குழந்தையைப் பற்றிய தீர்ப்புக்கு ஓவியத்தின் மதிப்பெண் போதுமானதன்று என்பதும், வரையும் வேளையில் குழந்தை பேசும் பேச்சே ஆய்வாளர் கருதத்தக்க சான்று என்பதும் இதன் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: குழந்தை ஓவியம், மனித உருவ வரைதல் சோதனை, நுண்ணறிவு, மனவெழுச்சி, புறத்தேற்று உத்தி, கோலம்.

முன்னுரை

1880களில் இத்தாலியின் போலோஞா நகரில் மழைக்காக ஒரு தூண்வரிசைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார் கலை வரலாற்றறிஞர் கொராடோ ரிச்சி. அங்கே சுவரில் சிறுவர்கள் கிறுக்கியிருந்த உருவங்கள் அவர் கண்ணிற் பட்டன. சுவரின் கீழ்ப்பகுதியில் இருந்தவை திறமையிற் குறைந்தும் நாகரிகத்தில் மிகுந்தும் இருந்தன; அவை உயரத்தில் சிறிய பிள்ளைகளின் கைவேலை என்று அவர் உய்த்துணர்ந்தார். 1887-இல் வெளிவந்த ‘குழந்தைகளின் கலை’ என்னும் அவரது நூல் இத்துறையின் முதல் நூல்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. குழந்தை ஓவியம் பற்றிய ஆய்வு, வரைந்தவரை நேரிற் காணாமல் சுவரைப் பார்த்து வரைந்தவரை ஊகிக்கும் செயலாகவே தொடங்கிற்று என்பது நோக்கத்தக்கது. பின்வந்த ஆய்வுகள் பலவற்றிலும் இந்த இயல்பு நீங்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி அரங்கு ஒன்றில் பார்வையாளனாக இருந்தேன். ‘படம் சொல்லும் மனம்’ என்பது போன்ற ஒரு தலைப்பின்கீழ் அட்டவணை ஒன்று வழங்கப்பட்டது. கைகளை வரையாத குழந்தை குற்றவுணர்வு உடையது. தாளின் மூலையில் சிறிதாக வரைவது தாழ்வு மனப்பான்மை. கறுப்பு வண்ணம் துயரம். பெரிய கண்கள் ஐயப்பாடு. இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட குறிப்புகள் அதில் இருந்தன. அருகில் அமர்ந்திருந்த ஆசிரியை ஒருவர் அதைப் படித்துவிட்டு, “எங்க ஒண்ணாம் வகுப்புல பத்துப் பிள்ளைங்க கை போடுறதே இல்லை சார். பத்துப் பேரும் குற்றவுணர்வோடவா இருக்காங்க?” என்று மெல்லக் கேட்டார். அந்த வினாவுக்கு முறையான விடை காணும் முயற்சி என்று இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

‘ஒரு மனிதனை வரைக’

ஓவியத்தை நுண்ணறிவின் அளவுகோலாக்கிய பெருமை அமெரிக்க உளவியலார் ஃபுளோரன்ஸ் குட்இனஃப் அவர்களுக்கு உரியது. நியூ ஜெர்சி மாநிலத்தின் பெர்த் அம்பாய் நகரப் பள்ளிகளில் திரட்டிய படங்களை அடிப்படையாகக் கொண்டு 1926-இல் அவர் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். ஒரு மனிதனை இயன்றவரை நன்றாக வரையுமாறு குழந்தையிடம் கூறுவதே சோதனை. படம் அழகாக இருக்கிறதா என்பது கருதப்படுவதில்லை. தலை உண்டா, கால்கள் உண்டா, கழுத்து உண்டா, விரல்களின் எண்ணிக்கை சரியா என 51 கூறுகள் பார்க்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அடிப்படை வயது மூன்று ஆண்டுகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று மாதங்கள் அதனுடன் கூட்டப்படும். ஆறு வயதுக் குழந்தை 14 புள்ளிகள் பெற்றால் அதன் மன வயது ஆறரை. நுண்ணறிவு ஈவு 108. ஒரு தாள், ஒரு பென்சில், பத்து நிமிடம். மொழி தெரியாத குழந்தைக்கும் தரலாம். வகுப்பு முழுமைக்கும் ஒரே நேரத்தில் தரலாம். இச்சோதனை உலகெங்கும் பரவியதற்கு இந்த எளிமையே பெருங்காரணம் எனலாம்.

1963-இல் டேல் ஹாரிஸ் இதனை விரித்து, ஆண் உருவத்துக்கு 73, பெண் உருவத்துக்கு 71 எனக் கூறுகளைப் பெருக்கினார். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றை அவர் நூலின் தலைப்பிலேயே செய்தார். ‘நுண்ணறிவு’ என்ற சொல்லை விடுத்து ‘அறிவு முதிர்ச்சி’ என்றார். படம் காட்டுவது குழந்தை தான் கண்டவற்றைக் கருத்தாக்கிக்கொள்ளும் திறனின் வளர்ச்சியையே என்பது அவர் நிலைப்பாடு. 1988-இல் ஜாக் நாக்லியரி ஆண், பெண், தன்னுரு என மூன்று படங்களைக் கேட்டு, ஒவ்வொன்றையும் 64 கூறுகளால் மதிப்பிடும் புதிய முறையை அமைத்தார். இந்தியாவில் பரோடாவைச் சேர்ந்த பிரமீளா பாட்டக் இந்தியக் குழந்தைகளுக்கான நியமங்களை உருவாக்கினார். இங்கு நடைபெறும் ஆய்வுகள் பெரும்பாலும் அவரது அளவுகோலைச் சார்ந்தே நிற்கின்றன. அயல்நாட்டு நியமத்தை அப்படியே இங்குப் பொருத்துவதைவிட அது எவ்வளவோ மேலான செயல். எனினும், நியமத்தை மாற்றுவதால் மட்டும் தீராத சிக்கல் ஒன்று இச்சோதனையின் உள்ளேயே இருக்கிறது.

ஹோப்பிச் சிறுவரும் கோலமிடும் சிறுமியும்

மொழியைச் சாராத சோதனை ஆதலால் பண்பாட்டையும் சாராது என்று தொடக்கத்தில் நம்பப்பட்டது. இந்த நம்பிக்கையை அசைத்தவற்றுள் முதன்மையானது வேய்ன் டென்னிஸ் 1942-இல் வெளியிட்ட ஆய்வாகும். அமெரிக்காவின் அரிசோனா பகுதியில் வாழும் ஹோப்பி என்னும் தொல்குடிக் குழந்தைகளிடம் அவர் இச்சோதனையை நடத்தினார். குட்இனஃப்பின் அமெரிக்கத் தரவுகளில் பெண் குழந்தைகள் சிறுவர்களைவிடச் சற்றே மிகுதியான புள்ளிகள் பெற்றிருந்தனர். ஹோப்பிக் குழந்தைகளிடம் இது தலைகீழாயிற்று. சிறுவர்கள் சிறுமியரை வெகுவாக விஞ்சினர். ஹோப்பிச் சமூகத்தில் உருவங்களை வரைவதும் சடங்குப் பாவைகளைச் செதுக்கித் தீட்டுவதும் ஆடவர் தொழில். சிறுவர்கள் அதைப் பார்த்தும் பழகியும் வளர்கின்றனர். சிறுமியருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சோதனை அளந்தது நுண்ணறிவையா, வரைகலையோடு வாய்த்த பழக்கத்தையா என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. உருவ ஓவிய வழக்கு அருகிய பெதோயின் நாடோடி மக்களிடையே பின்னர் டென்னிஸ் நடத்திய ஆய்வில் புள்ளிகள் மிகத் தாழ்ந்திருந்தமையும் இதனையே வலியுறுத்திற்று.

1950-இல் குட்இனஃப்பும் ஹாரிஸும் இணைந்து எழுதிய மீள்பார்வைக் கட்டுரையில், பண்பாடு சாராத சோதனை ஒன்றைத் தேடுவது கானல்நீரைத் தேடுவதே என்னும் கருத்தை வெளியிட்டனர். இனக்குழுக்களின் நுண்ணறிவை ஓவியத்தால் ஒப்பிட்டு 1926-இல் தாம் எழுதிய ஆய்வுக்காகக் குட்இனஃப் அக்கட்டுரையின் அடிக்குறிப்பில் வெளிப்படையாக மன்னிப்பும் கோரினார். ஆய்வுலகில் இத்தகைய நேர்மை அரிது. அந்த அடிக்குறிப்பு நம் பாடநூல்களுக்கு வந்து சேரவில்லை. 51 கூறுகள் மட்டும் வந்து சேர்ந்தன.

இங்கு நம் சூழலை எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெண் குழந்தைகள் பலர் தாயின் அருகிலிருந்து கோலம் பழகுகின்றனர். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி எனப் புள்ளிகளை வரிசை பிசகாமல் வைப்பதும், சிக்குக் கோலத்தில் ஒரே இழையைப் புள்ளிகளைச் சுற்றி வளைத்துத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பதும் எளிய செயல்கள் அல்ல. இடவுணர்வு, சமச்சீர், வரிசைமுறை பற்றிய நினைவு, அடுத்த வளைவை முன்கூட்டியே எண்ணும் திறன் ஆகியவை அதில் செயல்படுகின்றன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974-இல் வெளியிட்ட ஆய்வு, கோலத்தின் அமைப்பைக் கணினியியலின் அணி இலக்கணங்களால் விளக்கியது. ஓர் இலக்கணம் அமைத்து விளக்கத்தக்க அத்தகைய வரைவை எட்டு வயதுச் சிறுமி ஏடு பாராமல் வாசலில் இடுகிறாள். அதே சிறுமியிடம் பள்ளியில் ஒரு மனிதனை வரையச் சொன்னால், கழுத்தும் தோளும் இன்றி வரையக்கூடும். சோதனை அவள் தாளில் கழுத்தைத் தேடும். காணாவிடில் புள்ளியைக் குறைக்கும். அவள் விரல்கள் அறிந்திருக்கும் இலக்கணத்தைக் காண அதில் ஒரு கூறும் இல்லை. கோலத்தை வைத்து மாற்றுச் சோதனை ஒன்றை அமைக்க வேண்டும் என்று நான் கூற வரவில்லை. அப்படிச் செய்தால் கோலமிடாத வீட்டுப் பிள்ளைக்கு அதே அநீதியைத் திருப்பிச் செய்தவர்களாவோம்.

கூறுகளின் பட்டியலிலேயே பண்பாடு ஒளிந்திருக்கிறது என்பதற்கு உடை நல்ல சான்று. மூலச் சோதனையில் சட்டைக் கையும் கால்சட்டையும் தெளிவாகக் காட்டப்பட்டால் ஒரு புள்ளி. ஆடைகள் நான்கோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு புள்ளி. தோளில் துண்டும் இடுப்பில் வேட்டியுமாகத் தன் தாத்தாவை உள்ளது உள்ளவாறு வரையும் குழந்தை இந்தப் புள்ளிகளை இழக்கிறது. கண்ணாற் கண்டதைப் பிழையின்றி வரைந்ததற்காகப் புள்ளி இழக்கும் நிலை இது. உள்நாட்டு நியமங்கள் சராசரியைச் சரிசெய்யலாம். வேட்டிக்காரத் தாத்தாவை வரைந்த குழந்தைக்கும் கால்சட்டைக்கார அப்பாவை வரைந்த குழந்தைக்கும் இடையில் ஒரே வகுப்பறைக்குள் எழும் வேறுபாட்டைச் சரிசெய்ய இயலாது.

இரண்டு முக்கோண மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானில் வளைகோடுகளாகப் பறவைகள்: இந்தக் காட்சியை வரையாத தமிழ்க் குழந்தை அரிது. மலையையே நேரிற் காணாத டெல்டா மாவட்டப் பிள்ளையும் இதையே வரைகிறது. பிள்ளைகள் உலகைப் பார்த்து வரைவதைவிடப் பிற படங்களைப் பார்த்தே மிகுதியாக வரைகின்றனர் என்று பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் 1977-இல் முன்வைத்த கருத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அக்காவிடமிருந்து தம்பிக்கும், பக்கத்து இருக்கையிலிருந்து இந்த இருக்கைக்கும் படங்கள் கைமாறுகின்றன. அப்படியாயின் நாம் மதிப்பெண் இடுவது யாருடைய படத்துக்கு?

எண் எவ்வளவு சொல்லும்

இச்சோதனைக்கும் நுண்ணறிவுக்கும் தொடர்பே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. ரோசாலிண்ட் ஆர்டனும் பிறரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு பிரித்தானியாவைச் சேர்ந்த 7,752 இரட்டையர் இணைகளை உட்படுத்தியது. நான்கு வயதில் வரைந்த உருவத்தின் மதிப்பெண்ணுக்கும் அதே வயது நுண்ணறிவுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.33, பதினான்கு வயது நுண்ணறிவோடு 0.20. பத்தாண்டு இடைவெளியிலும் தொடர்பு முற்றும் அழியாமல் நிற்பது வியப்புக்குரியதே. செய்தித்தாள்கள் இதனை மிகைப்படுத்தி வெளியிட்டன; நன்றாக வரையாத பிள்ளையின் பெற்றோர் கவலைப்படத் தேவையில்லை என்று ஆய்வாளரே கூற நேர்ந்தது. கெழுவை வர்க்கப்படுத்திப் பார்த்தால் அக்கவலைக்கு இடமில்லை என்பது விளங்கும். 0.33 என்பது நுண்ணறிவு வேறுபாட்டில் ஏறத்தாழ 11 விழுக்காட்டை மட்டுமே படம் பங்கிட்டுக்கொள்கிறது என்பதாகும், 0.20 எனில் 4 விழுக்காடு. ஆயிரக்கணக்கான குழந்தைகளின் சராசரியில் இது பொருளுடைய எண். ஒரு குழந்தையின் முன் அமர்ந்திருக்கும் ஆசிரியருக்கு அது ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை.

இந்த வேறுபாட்டை நேரடியாகச் சோதித்தவர்கள் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள். கனா இமுட்டா, ஹார்லீன் ஹேய்ன் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளின் உருவப்பட மதிப்பெண்ணை முழுமையான நுண்ணறிவுச் சோதனையோடு ஒப்பிட்டனர். மிதமான தொடர்பு காணப்பட்டது உண்மை. ஆயினும் அறிவுக் குறைபாடு உடையோரைப் பிரித்தறியும் கருவியாக அதைப் பயன்படுத்தியபோது, குறைபாடு இல்லாதவரை உடையவராகவும் உடையவரை இல்லாதவராகவும் காட்டும் பிழைகள் மிகுந்தன. நம் ஆய்வாளர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. பள்ளியில் மெல்லக் கற்போரைக் கண்டறிவதற்கு என்று கூறியே இச்சோதனை பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது, எந்தப் பணியில் அது மிக மோசமாகத் தவறுகிறதோ அந்தப் பணிக்கே அது அனுப்பப்படுகிறது. ஆய்வேட்டில் அது ஓர் அட்டவணையின் ஒரு வரி. பள்ளியிலோ ‘இவனுக்கு ஏறாது’ என்று கடைசி வரிசையில் அமர்த்தப்படும் ஒரு பிள்ளை.

குழந்தை கேட்டுக்கொண்ட வினா

படத்தில் இல்லாதது மனத்திலும் இல்லை என்னும் எண்ணமே மேற்கண்ட பிழைகளின் வேர். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் ஆன்ரி லுக்கே தம் மகள் சிமோனின் படங்களை ஆராய்ந்து 1913-இலும், பின்னர் விரிவாக 1927-இலும், இளங்குழந்தை தான் காண்பதை வரையாமல் அறிந்ததை வரைகிறது என்று விளக்கினார். இதனை அவர் ‘அறிவுசார் மெய்ம்மை’ எனச் சுட்டினார். வீட்டின் சுவரை ஊடுருவி உள்ளிருக்கும் கட்டிலும் தெரிவது, பக்கவாட்டு முகத்தில் இரு கண்கள் இருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். பியாஜே இப்படிநிலைகளைத் தம் இடவுணர்வுக் கோட்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டார். விக்டர் லோவன்ஃபெல்டின் கிறுக்கல் நிலை முதலான பகுப்புகளும், பத்து லட்சம் அளவிலான படங்களைத் திரட்டிய ரோடா கெல்லாக்கின் அடிப்படைக் கிறுக்கல் வகைகளும் நம் பாடநூல்களில் விரிவாகவே இடம்பெற்றிருத்தலின் இங்கு விரிக்கவில்லை.

இப்படிநிலைகளை அசைத்த எளிய சோதனை ஒன்று உண்டு. நார்மன் ஃப்ரீமனும் ஜானிகூனும் 1972-இல் ஒரு கோப்பையை, அதன் கைப்பிடி பின்புறம் மறையுமாறு குழந்தைகள் முன் வைத்தனர். இளையோர் கண்ணுக்குத் தெரியாத கைப்பிடியையும் சேர்த்து வரைந்தனர். மூத்தோர் அதை விட்டனர். லுக்கே கூறியது மெய்யாயிற்று. ஆனால் 1983-இல் அலிசன் டேவிஸ், கைப்பிடி மறைந்த கோப்பையின் அருகில் கைப்பிடி தெரியும் மற்றொரு கோப்பையையும் வைத்தார். முன்பு மறைந்த கைப்பிடியை வரைந்த அதே வயதுப் பிள்ளைகளுள் பலர் இப்போது அதை விட்டுவிட்டனர். பிள்ளையின் அறிவு ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை. ஒற்றைக் கோப்பையைக் கண்டபோது ‘இது என்ன பொருள்’ எனக் கேட்கப்படுவதாக அது எண்ணிற்று. இரண்டைக் கண்டபோது ‘இவற்றுக்கு என்ன வேறுபாடு’ எனக் கேட்கப்படுவதாக எண்ணிற்று எனலாம்.

தலையிலிருந்தே கால்கள் முளைக்கும் தலைப்பிரட்டை உருவமும் இவ்வாறே. மூன்று, நான்கு வயதில் இதனை வரையும் குழந்தைக்கு வயிறு இருப்பது தெரியாதா? சோறு உண்ணும்போது வயிற்றைத் தட்டிக்காட்டும் பிள்ளை அது. கிளேர் கோலோம்ப் தம் ஆய்வுகளில் உடலுறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வரையச் செய்தபோதும், மாவைப் பிசைந்து உருவம் செய்யச் சொன்னபோதும் அதே பிள்ளைகள் கூடுதல் உறுப்புகளோடு உருவம் அமைத்தனர். ஒற்றைப் படத்தில் விடுபட்டது அறியாமை என்று கொள்ளுதல் தவறு. நமது வகுப்பறையில் ‘மனிதனை வரை’ என்ற கட்டளையைப் பிள்ளை எவ்வாறு புரிந்துகொள்கிறது என்பதும் எண்ணத்தக்கது. ‘மனிதன்’ என்னும் சொல் ஐந்து வயதுப் பிள்ளையின் பேச்சில் வழங்குவதே இல்லை. அப்பா, மாமா, தாத்தா, சார் என்று உறவும் பதவியுமாகவே ஆடவரை அது அறிந்திருக்கிறது. ‘மனிதன்’ என்றதும் பாடநூற் படம் ஒன்றை நினைவிலிருந்து எடுக்க முயன்று தடுமாறும் பிள்ளை, ‘உங்க மாமாவை வரை’ என்றால் மீசையோடு தொடங்குவதை எவரும் கண்டறியலாம்.

கைகளற்ற உருவங்கள்

மனவெழுச்சியைப் படத்திலிருந்து கணிக்கும் வழக்கத்துக்கு மூலமாக அமைந்தது கேரன் மக்கோவர் 1949-இல் வெளியிட்ட நூல். வரையப்பட்ட உருவம் வரைந்தவரின் தன்னுருவே என்பது அதன் அடிப்படைக் கருத்து. எலிசபெத் கோப்பிட்ஸ் 1968-இல் இதனைக் குழந்தைகளுக்கு ஏற்ப முறைப்படுத்தி, 30 வளர்ச்சிக் கூறுகளையும் 30 மனவெழுச்சிக் குறிகளையும் வகுத்தார். பயிற்சி அரங்கில் கண்ட அட்டவணை இந்த 30 குறிகளின் தொலைதூர வழித்தோன்றல் எனக் கருதுகிறேன். ஆனால் வழியில் சில நழுவிவிட்டன. குறிப்பிட்ட வயதில் இயல்பான குழந்தைகளிடம் அரிதாகவே காணப்படுவது மட்டுமே குறியாகும் என்பது கோப்பிட்ஸின் நிபந்தனை. கை விடுபடுதல் மிக இளம் வயதில் எல்லாப் பிள்ளைகளிடமும் காணத்தக்கது. ஆகவே அவ்வயதில் அது குறியே அன்று. ஒற்றைக் குறியைக் கொண்டு முடிவுக்கு வரலாகாது என்றும் அவர் எச்சரித்தார். வயது நிபந்தனையும் எச்சரிக்கையும் நீங்க, பட்டியல் மட்டும் எஞ்சிற்று. ஒன்றாம் வகுப்பு ஆசிரியையின் பத்துப் பிள்ளைகள் குறித்த ஐயத்துக்கு மூல நூலிலேயே பாதி விடை இருந்திருக்கிறது.

மறுபாதி இன்னும் கடுமையானது. நிபந்தனைகளோடு பயன்படுத்தினாலும் இக்குறிகள் நிற்குமா? லோரன் சாப்மனும் ஜீன் சாப்மனும் 1967-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. மனித உருவப் படங்களோடு நோய்க்குறிகளைக் கண்மூடித்தனமாக இணைத்து, உளவியல் பயிற்சியற்ற கல்லூரி மாணவர்களிடம் அவர்கள் காட்டினர். இணைப்பில் எந்த ஒழுங்கும் இல்லை. எனினும் ஐயப்பாடு உடையவர் கண்களை மிகைப்படுத்தி வரைந்துள்ளதாக மாணவர்கள் ‘கண்டறிந்தனர்’. அனுபவம் மிக்க உளவியலார் தம் தொழிலிற் கண்டதாகக் கூறிவந்த தொடர்புகளும் அவையே. ஐயப்படுபவர் கண்ணை உருட்டிப் பார்ப்பார் என்னும் மொழிவழக்கு நம் மனத்தில் முன்னரே இருக்கிறது. படத்தில் நாம் அதையே காண்கிறோம். சாப்மன்கள் இதனை மாயத் தொடர்பு என்றனர். ‘என் அனுபவத்தில் இது சரியாகவே இருந்திருக்கிறது’ என்று கூறும் ஆலோசகரை நாம் பொய்யர் என்று சொல்ல வேண்டியதில்லை. அனுபவமே அவரை ஏமாற்றுகிறது.

அளவு, இடம், வண்ணம் ஆகியவை குறித்த நேரடி ஆய்வுகளும் ஊக்கம் தருவனவாக இல்லை. ஜாய்னரும் பிறரும் 1996-இல் படத்தின் அளவு, நுணுக்கம், கோட்டின் அழுத்தம் ஆகியவற்றை மனத்துயரின் அளவோடு பொருத்திப் பார்த்து எதிர்மறை முடிவையே எய்தினர். குரோவேசியக் குழந்தைகளைக் கொண்டு 2001-இல் வெளியான ஆய்வொன்றில், அவர்கள் பட்ட போர் அனுபவம் மனவெழுச்சிக்குரிய பொருள்களை வரைந்த அளவிலோ தாளில் வைத்த இடத்திலோ வெளிப்படவில்லை. வண்ணத்தைப் பொறுத்தவரை செய்தி சற்றுச் சிக்கலானது. எஸ்தர் பர்கிட்டும் பிறரும் 2003-இல் கண்டபடி, குழந்தைகள் நல்லவர் என அறிமுகப்படுத்தப்பட்ட உருவத்துக்குத் தமக்குப் பிடித்த வண்ணத்தையும், கெட்டவர் என்றதற்குப் பிடிக்காத வண்ணத்தையும் தேர்கின்றனர். கறுப்பு பின்னதில் மிகுதி. ஆகவே வண்ணத்துக்கும் உணர்வுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது வரையப்படும் பொருள்மேல் கொண்ட உணர்வு. வரைபவரின் நோய் அன்று. அக்குழந்தைக்கு எவ்வண்ணம் பிடிக்கும் என்பதை அறியாமல் அதைப் படிக்கவும் முடியாது. நம் கடைகளில் கிடைத்துவந்த வண்ணக்குச்சிப் பெட்டிகளில் ‘தோல் நிறம்’ என்ற பெயரில் வெளிறிய குச்சி ஒன்று இருப்பது வழக்கம். தன் கையருகே அதை வைத்துப் பார்த்துவிட்டுக் கறுப்பையோ பழுப்பையோ எடுக்கும் தமிழ்க் குழந்தையைத் துயரம் உடையது என்று முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய பிழை!

செக் நாட்டின் தெரெசின் நகரில் நாசிகள் அமைத்த தடுப்பு முகாமில் 1942 இறுதி முதல் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தவர் ஃபிரீடல் டிக்கர் பிராண்டைஸ். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவர் இரு பெட்டிகளில் விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் பிராகு யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. முகாமின் அடுக்குக் கட்டில்களும் காவலர்களும் அவற்றில் உண்டு. பூக்களும் வீடுகளும் பட்டாம்பூச்சிகளும் அவற்றினும் மிகப் பல. குறி அட்டவணையைக் கையிற்கொண்டு ஒருவர் அப்பூக்களைப் படித்தால், மனநலம் வாய்ந்த மகிழ்ச்சியான குழந்தைகள் என்றே எழுதியிருப்பார். வரைந்தவர்களுள் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. பூவை வரையக் கற்பித்தவர் ஒருவர் அருகில் இருந்தார் என்பதும், வரைதல் அக்குழந்தைகளுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் என்னவாக இருந்தது என்பதும் கோடுகளில் எழுதப்பட்டிருக்கவில்லை.

வரைந்துகொண்டே பேசுதல்

உருவப்படத்தை நுண்ணறிவுக் கருவியாகக் கொள்வதை மறுத்த அதே ஒட்டாகோ ஆய்வுக்கூடம் வரைதலுக்கு வேறொரு பயனை முன்னரே நிறுவியிருந்தது. தீயணைப்பு நிலையம் ஒன்றைக் கண்டுவந்த ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளிடம் நிகழ்ந்தவற்றைக் கேட்டபோது, வெறுமனே சொன்னவர்களைவிட வரைந்துகொண்டே சொன்னவர்கள் மிகுதியான செய்திகளைத் தந்தனர் என 1995-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மகிழ்ச்சி, அச்சம், துயரம் முதலிய உணர்வு தோய்ந்த நிகழ்வுகளைப் பற்றிக் கேட்டபோதும் அவ்வாறே என்று ஜூலியன் கிராஸும் ஹேய்னும் 1998-இல் காட்டினர். இங்கே படத்துக்கு எவரும் மதிப்பெண் இடவில்லை, குறியும் தேடவில்லை. கையிலுள்ள பென்சில் குழந்தைக்கு நேரத்தையும் நினைவூட்டலையும் தருகிறது. எதிரே இருப்பவரின் கண்ணை நேராகப் பார்க்க வேண்டிய இடரிலிருந்தும் காக்கிறது. மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் குழந்தைகள் ஒன்றாக அமர்ந்து வரைந்ததும் கதை கட்டியதும் இவ்வழியைச் சார்ந்தனவே.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கேட்பவர் நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் குறிப்புக் காட்டி அதையும் வரையச் சொன்னால், பொய்யான நினைவும் அவ்வாறே வலுப்பெறும் என்பதை மேகி புருக்கும் பிறரும் 2000-இல் காட்டியுள்ளனர். குழந்தைகள்மீதான வன்முறை குறித்த விசாரணைகளில் படத்தைச் சான்றாகக் கொள்ள விழைவோர் இதனை மறத்தலாகாது. ‘யார் அடிச்சா, வரைஞ்சு காட்டு’ என்ற கட்டளைக்கும் ‘என்ன வரைஞ்சிருக்கே, சொல்லு’ என்ற வினாவுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது.

நான் பார்த்த ஆய்வேடுகளில் மதிப்பெண் அட்டவணைகள் பல பக்கங்களை நிரப்பியிருந்தன. பிற்சேர்க்கையில் மாதிரிக்கு ஓரிரு படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. எஞ்சியவை எங்குப் போயின என்ற குறிப்பு இல்லை. குழந்தை எவர் அருகில் அமர்ந்திருந்தது, எதை முதலில் வரைந்தது, எதை அழித்தது, வரையும்போது என்ன சொல்லிற்று என்பவை எங்கும் பதிவாகவில்லை. களத்துக்குச் செல்லும் ஆய்வாளர் ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் நாளையும் வயதையும் குறித்து, அவற்றின்கீழ் அக்குழந்தையின் சொற்களை அதன் பேச்சு வழக்கிலேயே எழுதிக்கொள்வது கூடுதலாக இரண்டு நிமிட வேலை. கையில்லாத உருவத்தைச் சுட்டி, பயிற்சி அரங்கிற் கண்ட அந்த ஆசிரியை தம் மாணவன் ஒருவனிடம் பின்னர் கேட்டாராம். “கையைப் பின்னாடி கட்டிட்டு நிக்கிறாரு, ஹெச்.எம். சார்” என்றானாம் அவன்.